தாழ்ப்பாள் விழாத அறை

விவாகமாகி ஆறு வருஷங்கள் கழிந்தும் நமது வீட்டில் தொட்டில் ஆடவில்லை. அதற்காக மருந்து, பத்தியம், பிரதக்ஷிணம் யாவற்றையும் நமது இல்லாளே ஏற்றுவந்தாள். புருஷனையும் சோதிக்க வேண்டுமென்று வைத்தியர் சொன்ன பிறகுதான் நமக்கு வியர்த்தது.

சோதனைச்சாலையில் ஒரு சிறு டப்பியைக் கையில் கொடுத்துத் தாழ்வாரக் கோடியிலிருந்த அறையைக் காட்டினார்கள். அறை என்பது மரியாதைக்கு, அது கழிப்பிடந்தான். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. வெளியே ஒரு குழந்தையின் அழுகை. இடையிடையே, "ஆயிற்றா, சார்? இன்னும் மூன்று பேர் காத்திருக்கிறார்கள்" என்ற குரல். ஒருவாறு முடித்தோம். பதற்றத்தில் முதற் சில துளிகள் டப்பிக்கு வெளியே சிந்திவிட்டன. அதை எவரிடமும் சொல்ல நமக்கு நாவெழவில்லை.

மில்லி லிட்டருக்கு 80 லக்ஷம் விந்தணுக்கள் என்று முடிவு வந்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2021-ஆம் வருஷத்துக் கையேட்டில் காணும் கீழளவோ 1 கோடியே 60 லக்ஷம். அந்த ஒரு தாளை நம்பி, சோதனைக் குழாய் முறைக்கென்று இல்லாளுக்கு ஊசிகள் ஆரம்பமாயின.

பின்னர் வேறொரு வைத்தியரிடம் போனோம். தாளைப் பார்த்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி, "முழுவதும் டப்பியில் விழுந்ததா?" என்பதே. முதலில் வெளிவரும் பாகத்தில்தான் அணுக்கள் மிகுதியாம். அது சிந்தினால் கணக்கே பிசகிவிடுமாம். இரண்டு முதல் ஏழு நாள் வரை விலகியிருந்து, வீட்டிலேயே எடுத்து, வெயிலும் குளிரும் தாக்காமல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரலாம் என்றார். வீட்டில் எடுத்ததில் அணுக்கள் அதிகமென்று கண்ட ஆராய்ச்சியாளரும் உண்டு. வித்தியாசமில்லை என்றவரும் உண்டு. ஆதலால் வீட்டுக்கு ஏதோ மந்திர சக்தி இருப்பதாக நாம் சாதிக்க வரவில்லை. ஆயினும் 1677-ல் டெல்ஃப்ட் நகரத்து லீவன்ஹுக், தாம்பத்தியத்துக்குப் பின் நாடி ஆறு முறை துடிக்குமுன்பே தமது பூதக்கண்ணாடியில் இவ்வணுக்களைக் கண்டதாக லண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதினார். அவர் கதவை ஒருவரும் தட்டவில்லை!

நாமும் வீட்டில் எடுத்து, சட்டையின் உட்பையில் வைத்து, ஆட்டோவில் 25 நிமிஷத்தில் சேர்ப்பித்தோம். 2 கோடியே 10 லக்ஷம் என்று வந்தது. ஒரே மனிதனிடத்திலும் இக்கணக்கு முறைக்கு முறை மாறுமாதலால், மூன்றாம் தடவையும் பார்த்துவிடலாம் என்றார் வைத்தியர்.

அன்றிரவுதான் சிந்திய துளிகளைப் பற்றி இல்லாளிடம் சொன்னோம். "இதைச் சொல்லவா இத்தனை நாள்?" என்றாள். அதற்குள் அவளுக்குப் பதினோர் ஊசிகள் போட்டாகியிருந்தன.