வேதம் காட்டும் முகம்

பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் மட்டுமே கவலைகள் அல்ல. ‘இவ்வூரார் நம்மை என்னவென்று மதிக்கிறார்கள்?’ என்னும் வினாவும் உள்ளத்தின் ஓரத்தில் ஓயாமல் நிற்கிறது. அதனால் அண்டை அயலார் முன் கூனிக் குறுகுவோர் உண்டு. விடுமுறைக்கு ஊர் சென்றதும் இல்லாத பெருமை பேசுவோரும் உண்டு. பல வேளைகளில் அவ்விருவரும் ஒருவரே.

இவ்விதழை எல்லாச் சமயத்தாரும் படிக்கின்றனர். நாம் கிறிஸ்தவ வேதத்தில் வளர்ந்தவராதலின், அதில் கண்ட மருந்தையே சொல்லத் துணிகிறோம்.

மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டவன் என்று வேதாகமத்தின் முதல் அதிகாரமே கூறுகிறது. அங்கே நிறமோ மொழியோ, பட்டமோ பதவியோ பேசப்படவில்லை. ஆயினும் அதைக் கொண்டு செருக்குக் கொள்ளவும் இடமில்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில், தன்னை மிகையாக மதியாமல் தெளிந்த அறிவோடு மதிப்பிடும்படி பவுல் அப்போஸ்தலர் போதிக்கிறார். ரயில்வே பார்சல் ஆபீசில் பணிபுரியும் நமக்கு இது எளிதில் விளங்குகிறது. கூட்டிக் காட்டினாலும் குறைத்துக் காட்டினாலும் அது பழுதுற்ற தராசே.

ஆனால், அறிந்தது மட்டும் போதுமா? போதனையைக் கேட்டும் செய்யாதவனை, கண்ணாடி பார்த்த மறுகணமே தன் முகத்தை மறப்பவனுக்கு ஒப்பிடுகிறது யாக்கோபின் நிருபம். யாத்திராகமம் 38-ஆம் அதிகாரத்தில் மற்றொரு செய்தி உண்டு. ஆசரிப்புக் கூடாரத்தின் வெண்கலத் தொட்டி, பெண்களின் கண்ணாடிகளைக் கொண்டு செய்யப்பட்டதாம். அக்காலத்துக் கண்ணாடிகள் மெருகேற்றிய உலோகமாதலின் அது இயன்றது. முகம் பார்க்கும் பொருளே, கைகால் கழுவிப் பணிக்குச் செல்லும் பாத்திரமாயிற்று!

இதன் உண்மையை நம் இல்லத்திலேயே கண்டோம். ஆறாம் வகுப்பில் பயிலும் நம் மகனை உடன் பயிலும் பிள்ளைகள் ‘மதராசி’ என்று அழைத்து, நிறத்தையும் உச்சரிப்பையும் நகைத்தனர். விடை தெரிந்தும் அவன் வகுப்பில் வாய் திறப்பதில்லை. தெருவில் தன்னோடு தமிழில் பேச வேண்டாமென்று தாயிடமே சொல்லிவிட்டான். அவள் அன்றிரவு உணவு கொள்ளவில்லை. தேவசாயலைப் பற்றி நாம் எடுத்துரைத்தோம். அவன் தலைகவிழ்ந்து கேட்டான், அவ்வளவே.

அப்பருவத்தில் ஒடிசாவிலிருந்து ஒரு சிறுவன் அவ்வகுப்பில் வந்து சேர்ந்தான். ஹிந்தி அறியாத அவன் தனித்தே உண்பானாம். அந்நியனைத் தன்னைப் போல் நேசிக்க வேண்டும், ஏனெனில் நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்கள் என்னும் லேவியராகமத்துக் கட்டளையை மகனுக்குக் காட்டி, “தம்பி, நாளை அவனோடு உட்கார்ந்து சாப்பிடு” என்றோம். மனமின்றியே சென்றான். பின்னர் பாடங்களையும் விளக்கத் தொடங்கினான். பிறர் நகைத்த அவனது அரைகுறை ஹிந்தியே அப்பிள்ளைக்குப் பெருந்துணையாயிற்று. தன்னிடமும் கொடுப்பதற்கு ஒன்று உண்டென்பதை அவன் அங்கே கண்டான். நகைப்பு இன்னும் ஓயவில்லை. ஆயினும், சில வாரங்களுக்குப் பின் காய்கறிக் கடையில் கூட்டத்தின் நடுவே, “அம்மா, வெண்டைக்காய் பிஞ்சா இருக்கு, வாங்கும்மா!” என்று உரக்க அழைத்தானாம். அதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் தழுதழுத்தது.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதருக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அவருடைய நூலின் 29-ஆம் அதிகாரத்தில் உள்ளது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் இடுங்கள், அந்நகரின் நன்மையை நாடுங்கள் என்பதே அதன் சாரம். சிறைப்பட்டோருக்கே அவ்வாறு சொல்லப்பட்டதெனில், விரும்பி வந்த நமக்குச் சொல்ல வேண்டுவதில்லை. நம் மதிப்பை அயலாரின் வாயில் தேடுவதை விடுத்து, அவர்களுக்கு நம்மால் இயன்ற ஓர் உதவியை இவ்வாரமே செய்வோமாக. நாம் யாரென்பது நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அப்போது விளங்கும்.