சரிபாதி கேட்ட அம்மன்

திருச்செங்கோடு

அன்புள்ள அம்மிணி கயலுக்கு,

நீயும் நிவேதாவும் பெங்களூரில் ஒரே குடும்பமாக வாழ்கிறீர்கள் என்று போனில் சொன்னாய். அன்றைக்கு நான் அதிகம் பேசவில்லை. எழுதினால்தான் எனக்கு நிதானமாக வரும்.

உங்கப்பாவுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். நம்ம பக்கம் ஒருத்தர் ஜெயித்துவிட்டார் என்றால் என்ன அர்த்தம்? இரண்டு போர்வெல் வண்டி வடநாட்டில் ஓட வேண்டும். மாடி வீடு எழும்ப வேண்டும். நம்ம சாதிக்குள் வேறு கூட்டமாகப் பார்த்துப் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, பேரனையும் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பேர் 'செட்டில்' ஆவது. நாடு முழுக்க இன்று பேசுகிற முன்னேற்றமும் ஏறக்குறைய இதேதான். கல்யாணம் வேண்டாம் என்று நின்ற என்னை, பள்ளிக்கூட வேலையில் இருந்தபோதும் 'பாவம்' என்றே சொன்னார்கள்.

ஆனால் வைகாசியில் தேர் இழுத்து நாம் கும்பிடுகிற சாமி யார்? மாதொருபாகன். வலப்பக்கம் வேட்டி, இடப்பக்கம் சேலை. பிருங்கி முனிவர் அம்மனை ஒதுக்கிவிட்டுச் சிவனை மட்டும் சுற்றி வந்தார். அவள் அவர் உடம்பிலிருந்த தன் சக்தியை எடுத்துக்கொண்டாள். நிற்கவே முடியாதவருக்கு மூன்றாவதாக ஒரு கால் கொடுக்க வேண்டியதாயிற்று. அதோடு விட்டாளா? கேதார கௌரி விரதம் இருந்து சாமியின் இடப்பாகத்தையே வாங்கிக்கொண்டாள். தீபாவளி நோன்பில் புருஷனுக்கு ஆயுசு வேண்டிக் கயிறு கட்டிக்கொள்கிறார்களே, அதே விரதம்தான். அவள் கேட்டது சரிபாதி! ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் நிற்கிற அந்தச் சன்னதியில், உன்னைக் குறையாக நினைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை, அம்மிணி.

அதே கோயிலில்தான் கோகுல்ராஜும் நின்றார். வேறு சாதித் தோழியோடு வந்த அந்தத் தலித் இளைஞரை 2015 ஜூன் 23 அன்று அங்கிருந்து கடத்திக்கொண்டுபோய்க் கொன்றார்கள். 2022-ல் மதுரை நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. பாதி உடம்பைப் பெண்ணுக்குக் கொடுத்த சாமியின் வாசலிலேயே சாதி மானம் பெரிதாகிவிட்டதை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை. உங்கப்பா 'கௌரவம்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையனின் அம்மாதான் நினைவுக்கு வருகிறார்.

நம்ம பொள்ளாச்சியில் பிறந்த திருநங்கை கல்கி சுப்ரமணியத்தைப் பார். கவிதை எழுதினார், ஓவியம் வரைந்தார், 'சகோதரி' அமைப்பைத் தொடங்கித் தன்னைப் போன்றவர்களுக்குத் துணை நின்றார். நம் சொந்தக்காரர்கள் கணக்கில் அவர் செட்டில் ஆனவர் இல்லை. என் கணக்கில் ஜெயித்தவர்.

சட்டம் மெதுவாகத்தான் வருகிறது. 2023-ல் உச்ச நீதிமன்றம் உங்களைப் போன்றவர்களுக்குக் கல்யாண உரிமை தர மறுத்துவிட்டது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டார் பிடித்து வைத்திருந்த, உன்னைப் போன்ற ஒரு பெண்ணை அவள் விருப்பப்படி போகவிட்டது; குடும்பம் அமையக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்றும் சொன்னது. அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறேன், உங்கப்பாவிடம் காட்டுவதற்கு.

அவன் கல்யாணத்தில் உடன்பிறந்தவளாக நின்று இணைச்சீர் செய்தவள் நான். என் பேச்சைத் தட்ட மாட்டான். தட்டினாலும் நான் விடப்போவதில்லை. வைகாசித் தேருக்கு நிவேதாவையும் கூட்டிக்கொண்டு வா. இரண்டு பேரும் என் வீட்டில்தான் தங்க வேண்டும்.

அன்புடன்,
அத்தை