ஆட்டமும் நெஞ்சமும்

அரபு மொழியில் விளையாட்டு இரசிகனைக் குறிக்க ‘முஷஜ்ஜிஃ’ என்னும் சொல் இன்று வழங்குகிறது. ‘ஷஜாஅத்’ என்றால் வீரம். அந்த வேரிலிருந்து பிறந்த இச்சொல்லுக்குப் பிறருக்குத் துணிவூட்டுபவன் என்பது பொருள். தமிழில் நாம் வழங்கும் ‘இரசிகன்’ என்னும் சொல்லோ சுவைப்பவன் என்று பொருள்படும். ஒரே மனிதனை ஒரு மொழி கொடுப்பவனாகக் காண்கிறது; மற்றொரு மொழி பெறுபவனாகக் காண்கிறது. இவ்விரண்டில் நாம் யார் என்னும் கேள்வி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்மைத் தொடர்ந்து வருகிறது.

மதரஸாவில் ஓதி, பின்னர்த் தமிழ் பயின்று, ஆசிரியப் பணியில் காலங்கழித்த ஒருவருக்குக் கிரிக்கெட் ஆட்டத்தின்மீது இத்துணைப் பற்று எதற்கு என்று வாசகர்கள் வினவக்கூடும். நம் வாப்பா அவர்களும் அவ்வாறே வினவினார்கள். அன்று விடை கூற இயலவில்லை. இன்று முயல்கிறோம்.

1983ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள். புனித ரமழானின் நடுப்பகுதி. நமக்குப் பதின்மூன்று வயது. மதரஸா விடுமுறையில் தாமிரபரணிக் கரையிலுள்ள நம் ஊருக்கு வந்திருந்தோம். இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் மோதிக்கொண்டிருந்தன. தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் சிங்கப்பூரிலிருந்து வந்த வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. வருணனை ஆங்கிலத்தில். கேட்டுக்கொண்டிருந்த இருபது பேரில் ஆங்கிலம் அறிந்தவர் ஒருவரே. மற்றவர்களுக்கு எண்களும் பெயர்களும் போதுமானவையாக இருந்தன.

மஃரிப் தொழுது வந்த சிறிது நேரத்தில், 183 ஓட்டங்களில் இந்திய அணி முழுவதும் ஆட்டமிழந்த செய்தி வந்தது. சென்னையின் ஸ்ரீகாந்த் எடுத்த 38 ஓட்டங்களே அணியில் ஒருவர் எடுத்த அதிக ஓட்டங்கள். திண்ணை பாதி காலியாயிற்று. நாமும் மனமொடிந்து பள்ளிவாசலுக்குச் சென்றோம். அன்றைய தராவீஹ் தொழுகையில் நம் உடல் ருகூவிலும் ஸுஜூதிலும் இருந்தது. உள்ளமோ விவியன் ரிச்சர்ட்ஸின் மட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தது. இதை எழுத நாணுகிறோம். எனினும் உண்மையை மறைப்பதற்கில்லை. தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, கபில் தேவ் பின்னோக்கி ஓடிச் சென்று ரிச்சர்ட்ஸின் பந்தைப் பிடித்துவிட்ட செய்தி படிக்கட்டிலேயே காத்திருந்தது. நள்ளிரவை ஒட்டி ஆட்டம் முடிந்தது. 140 ஓட்டங்களில் எதிரணி சுருண்டது. 43 ஓட்டங்களில் வெற்றி. அன்று நம் தெருவில் ஸஹருக்கு எவரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

அன்று தொடங்கியது இந்தப் பிணிப்பு. முதல் நாளே இத்தகைய வெற்றியைச் சுவைத்தவன், அதுவே உலக வழக்கம் என்று எண்ணிவிடுகிறான். அப்படியன்று என்பதைக் கற்றுக்கொள்ள எஞ்சிய வாழ்நாள் வேண்டியிருந்தது.

1986 செப்டம்பர் 22ஆம் நாள் நாம் மதரஸாவில் இருந்தோம். சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த டெஸ்ட் பந்தயத்தின் இறுதி நாள். 348 ஓட்டங்கள் எடுத்தால் இந்தியாவுக்கு வெற்றி. பாடம் நடந்துகொண்டிருக்க, கைக்கடக்கமான வானொலிப் பெட்டி ஒன்று மாணவர் கைகளில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சென்றுகொண்டிருந்தது. நம் கைக்கு வந்த நேரத்தில் உஸ்தாத் அவர்களின் பார்வை அதன்மீது விழுந்தது. ஒரு சொல்லும் கூறாமல் அதை வாங்கித் தம் சட்டைப் பையில் இட்டுக்கொண்டார்கள். எஞ்சிய பொழுது நமக்கு நரகமாயிற்று. தண்டனைக்கு அஞ்சியது பாதி, ஆட்டத்தின் முடிவை அறியாத தவிப்பு பாதி.

மஃரிபுக்குப் பின் பாடத்திற்கு அமர்ந்தோம். உஸ்தாத் அவர்கள் வானொலிப் பெட்டியை நம்முன் வைத்தார்கள். “யாரும் ஜெயிக்கவில்லையாம், யாரும் தோற்கவுமில்லையாம். 347க்கு எல்லோரும் ஆட்டமிழந்து, இரண்டு பக்கமும் சமமாம். இப்போதாவது பாடத்துக்கு வருவோமா?” என்றார்கள். டெஸ்ட் வரலாற்றில் 1960இல் பிரிஸ்பேன் நகரில் நடந்ததற்குப் பின் இரண்டாம் முறையாக நிகழ்ந்த சமநிலை அது. நமக்கோ, அந்தப் பெட்டியை வாங்கிச் சென்றவர்களே அதைக் கடைசிப் பந்துவரை கேட்டிருக்கிறார்கள் என்பதுதான் அன்றைய பெருஞ்செய்தி. கண்டிப்புக்கும் கனிவுக்கும் இடையே எவ்வளவு மெல்லிய திரை இருக்கிறது என்பதை அன்று கண்டோம். ஆசிரியரான பின், மாணவர் பைகளைச் சோதிக்கும் போதெல்லாம் அந்த மாலை நம் நினைவுக்கு வரும்.

அந்த ஆண்டுகளில் கிரிக்கெட் நமக்குச் செவிவழி வந்த கலையாகவே இருந்தது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்கள் போன்றோர் வானொலியில் செய்த தமிழ் வருணனை, களத்தைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது. அந்நிய நாட்டு ஆட்டத்தை நல்ல தமிழில் சொல்ல முடியும் என்று மெய்ப்பித்த முன்னோடிகளுள் ஒருவர் அவர். 2020ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, நம் இளமைக் காலத்தின் குரல் ஒன்று அடங்கியதாக உணர்ந்தோம்.

உயர்வைச் சொன்னோம், தாழ்வையும் சொல்ல வேண்டும். 1996 மார்ச் 13ஆம் நாள் கல்கத்தாவில் இலங்கையுடன் நடந்த உலகக் கோப்பை அரையிறுதி. 120 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள் வீழ்ந்த நிலையில், பொறுமை இழந்த கூட்டம் களத்தினுள் புட்டிகளை எறிந்தது. இருக்கைகளில் தீ மூட்டியது. ஆட்டம் நிறுத்தப்பட்டு வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. வினோத் காம்ப்ளி கண்ணீருடன் வெளியேறினார். ‘இவர்களும் இரசிகர்களா?’ என்று நாம் கொதித்தோம். கொதித்தவாறே, துணைவியார் பரிமாறிய உணவுத் தட்டை ஒதுக்கித் தள்ளிவிட்டு எழுந்தோம். மணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் தட்டை எடுத்து மூடிவைத்துவிட்டு, “அவங்க தோத்தாங்க. இந்தச் சோறு என்ன தப்பு செஞ்சுது?” என்று மட்டும் கேட்டார். புட்டியெறிந்தவனுக்கும் நமக்கும் தொலைவு அதிகமில்லை என்பது அப்போது விளங்கிற்று.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நாளுக்கு வருகிறோம். அது 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. அப்போது நாம் சென்னையில் ஆசிரியராக இருந்தோம். பாகிஸ்தான் அணி 1987க்குப் பின் முதன்முறையாக டெஸ்ட் தொடர் ஆட இந்தியா வந்திருந்தது. எதிர்ப்பாளர்கள் சிலர் டில்லி ஆடுகளத்தைத் தோண்டிச் சேதப்படுத்தியிருந்தார்கள். முதல் டெஸ்ட் சேப்பாக்கத்திற்கு மாற்றப்பட்டது. அந்தத் தொடரைக் காணச் செல்வதா வேண்டாமா என்றே நம்மைப் போன்றோர் தயங்கிய காலம் அது. கைதட்டினாலும் பிறர் பார்ப்பார்கள், கைதட்டாவிட்டாலும் பார்ப்பார்கள். எந்தப் பந்துக்கு மகிழ்கிறோம் என்று பக்கத்து இருக்கைக்காரர் கணக்கெடுப்பாரோ என்னும் கூச்சம், அனுபவித்தவருக்கே தெரியும்.

எனினும் சென்றோம். 271 ஓட்டங்கள் இலக்கு. 82 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் வீழ்ந்தன. பின்னர் டெண்டுல்கரும் மோங்கியாவும் இணைந்து நின்றார்கள். முதுகுவலியால் துடித்தவாறே டெண்டுல்கர் ஆடினார். வெற்றிக்கு 17 ஓட்டங்களே எஞ்சியிருக்க, ஸக்லைன் முஷ்தாக் வீசிய பந்தைத் தூக்கியடித்து, 136 ஓட்டங்களில் வசீம் அக்ரமிடம் பிடிகொடுத்தார். அதுவும் சேர்ந்து கடைசி 4 விக்கெட்டுகள் 4 ஓட்டங்களில் சரிந்தன. 12 ஓட்டங்களில் தோல்வி. அரங்கில் இருந்த அத்தனை ஆயிரம் பேரும் மூச்சற்றுப் போயினர். நம் கண்களில் நீர் பெருகியதை மேல்துண்டால் மறைத்துக்கொண்டோம்.

அப்போதுதான் அது நிகழ்ந்தது. முதலில் ஒரு மூலையில் சிலர் எழுந்தனர். பிறகு ஒரு பகுதி. பிறகு அரங்கம் முழுவதும். வென்ற பாகிஸ்தான் அணியினருக்குச் சென்னை மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். அவ்வணியினர் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டனர். நெற்றியில் திருநீறு அணிந்த முதியவர் ஒருவர் நம் பக்கத்தில் நின்று, கண்களைத் துடைத்துக்கொண்டே கைதட்டினார். அதுவரை மடியில் கட்டுண்டிருந்த நம் கைகளும் விடுதலை பெற்றன. ஒருவரும் ஒருவரையும் கணக்கெடுக்கவில்லை. அங்கிருந்து நடந்து திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளியில் அஸர் தொழுதோம். தோல்வியின் துயரத்தோடு நிம்மதியும் நெஞ்சில் நிறைந்திருந்த விந்தையான தொழுகை அது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் சிரித்தவாறே, “என்ன பாய், நேத்து உங்களுக்குக் கொண்டாட்டம்தானே?” என்று கேட்டார். அவர் தீயவரல்லர், நம்மோடு பகிர்ந்துண்பவர். விளையாட்டாகக் கேட்டார் என்பதனாலேயே அது ஆழமாகத் தைத்தது. நேற்று அரங்கில் அழுதோம் என்று சொன்னோம். பிறகு எழுந்து கைதட்டினோம் என்றும் சொன்னோம். அவர் சிரிப்பு அடங்கியது. “நானும் டி.வி. முன்னால எழுந்து நின்னு தட்டினேன் பாய்” என்றார். அப்படியானால் நம்மிடம் மட்டும் ஏன் இந்தக் கேள்வி என்று வினவினோம். அவர் விடை கூறவில்லை. அன்று மதியம் தம் உணவுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் நம்மருகில் வந்து அமர்ந்தார். மீண்டும் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை.

நாம் நேசித்த வீரர்களும் நம்மைச் சோதித்தார்கள். அஸாருத்தீன் 1984-85இல் தம் முதல் மூன்று டெஸ்ட்களிலும் சதமடித்தபோது, அவற்றுள் ஒன்று சேப்பாக்கத்தில் என்பதில் நமக்குத் தனிப்பெருமை. 2000ஆம் ஆண்டு டிசம்பரில், சூதாட்டக் குற்றச்சாட்டின் பேரில் கிரிக்கெட் வாரியம் அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. அவருடைய டெஸ்ட் கணக்கு 99 பந்தயங்களோடு நின்றது. 2012இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அத்தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவரைப் பற்றிய பேச்செழுந்தால் நாம் தலைகுனிந்தோம். ஒரு தனிமனிதரின் புகழில் நம் சமுதாயத்தின் மானத்தை அடகு வைத்தது யாருடைய பிழை? நம்முடையதே. ஆட்டக்காரரை ஆட்டக்காரராக மட்டும் நேசிக்கப் பழகியிருந்தால் அந்த வேதனை அத்துணைப் பெரிதாக இருந்திராது.

2011 ஏப்ரல் 2ஆம் நாள் இரவு, மும்பையில் தோனி அடித்த ஆறு ஓட்டப் பந்து பார்வையாளர் நடுவே விழுந்தது. 28 ஆண்டுகளுக்குப் பின் உலகக் கோப்பை. அடுத்த சில நொடிகளில் தொலைபேசி ஒலித்தது. ஓய்வு பெற்று வெளியூரில் வாழ்ந்த அந்தப் பழைய ஆசிரியர். “பாய், நாம ஜெயிச்சுட்டோம்!” என்றார். ‘நாம’ என்ற அந்தச் சொல்லுக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தோம் போலும்! நமக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கோப்பைக்காக என்று அவர் எண்ணியிருக்கலாம்.

கேள்வி முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. 2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்றபோது முகம்மது ஷமியின்மீது வசைகள் பொழியப்பட்டன. அணித் தலைவர் விராட் கோலி, ஒருவரை மதத்தின் பெயரால் தாக்குவது இழிசெயல் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். அதே ஷமி 2023 உலகக் கோப்பையில் 24 விக்கெட்டுகள் வீழ்த்தி அனைவரினும் முதலிடம் பெற்றார். அத்தொடரில் பத்து ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற நம் அணி, நவம்பர் 19ஆம் நாள் அகமதாபாத் இறுதிப் பந்தயத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. அன்றிரவு நம் இளைய மகன் உணவுத் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தான். துணைவியார் ஒன்றும் பேசாமல் நம்மைப் பார்த்தார். நாம் சொல்ல வேண்டிய வாசகம் எதுவென்று நமக்குத் தெரிந்திருந்தது. சோறு என்ன தப்பு செய்தது என்று மகனைக் கேட்டோம். அவன் மீண்டும் அமர்ந்தான்.

2025 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் மைதானத்தில், முகம்மது சிராஜ் பிடித்த பந்தோடு எல்லைக்கோட்டை மிதித்துவிட, தப்பிய ஹாரி புரூக் சதமடித்தார். அன்றிரவு சிராஜை நினைத்து நாம் நடுங்கினோம். தோற்றால் அவரை என்னென்ன சொல்வார்களோ! மறுநாள் 4ஆம் தேதி, 35 ஓட்டங்களே தேவை என்ற நிலையில் தொடங்கிய இங்கிலாந்தை, அதே சிராஜ் கடைசி விக்கெட்டையும் வீழ்த்தி 6 ஓட்டங்களில் தோற்கடித்தார். பள்ளி விட்டு வெளியே வந்த நம்மை மகன் தொலைபேசியில் அழைத்து, சொல் வராமல் சிரித்தான். நேற்றைய பிழையை ஒருவர் இன்று திருத்திக்கொள்ள முடியும் என்பதை அவனுக்கு எடுத்துரைக்க நம்மிடம் வேறு பாடநூல் தேவைப்படவில்லை.

வாப்பா அவர்கள் இன்று இல்லை. இருந்தால் இவ்வாறு விடை கூறுவோம்: இந்த ஆட்டத்தால் பல பொழுதுகளை இழந்தோம், சில தொழுகைகளில் உள்ளம் சிதறினோம், அதற்கு இறைவனிடம் மன்னிப்புக் கோருகிறோம். ஆயினும் தோற்றவரோடு நிற்கவும், வென்ற எதிரியை மதிக்கவும், நம் கையில் இல்லாத முடிவைப் பொறுத்துக்கொள்ளவும் இதன் வழியாகவும் நமக்குக் கற்பிக்கப்பட்டது. சேப்பாக்கத்தில் எழுந்து நின்ற அம்மக்கள் இரசிகர்களாகச் சுவைக்கவும் செய்தனர். தாம் அறியாமலே, கூச்சத்தோடு அமர்ந்திருந்த ஒருவனுக்குத் துணிவும் ஊட்டினர். அந்தக் கூட்டத்தில் நாமும் ஒருவராக நின்றோம் என்பது நமக்குப் போதும்.