கமிஷன் மட்டுமா கணக்கு?

மைசூர் தேவராஜ மார்க்கெட் பக்கம் ஊதுபத்தி, சந்தன எண்ணெய் விற்கும் தமிழர் ஒருவர், கார்டு மெஷின் கம்பெனிகள் இரண்டின் ஒப்பந்தங்களை நீட்டினார். "தமிழ்ல சொல்லுங்க சார்." அவர் கவலையெல்லாம் கமிஷன். நியாயம்தான். நூறு ரூபாய் வியாபாரத்தில் லாபமே பத்து என்றால், இரண்டு சதவீதம் அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 முதல் இந்தத் தொல்லை இல்லை. மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு உண்டு. கிரெடிட் கார்டுக்கு அதுவும் கிடையாது, பேரம்தான்.

மொழிபெயர்ப்பு தடுக்கிய இடம் 'சார்ஜ்பேக்'. தசரா பார்க்க வந்தவர் ஊர் திரும்பி, 'நான் வாங்கவே இல்லை' என்று தன் வங்கியில் முறையிட்டால், கடைக்காரரின் கணக்கிலிருந்து பணம் திரும்பிப் போகும். பில்லைக் காட்டி மீட்பது அவர் பாடு. அதற்குக் கமிஷன் குறைந்த கம்பெனி தந்த அவகாசம் மூன்று நாள், மற்றது பத்து.

"தமிழ்ல இதுக்கு என்ன சார்?"

"கொடுத்ததைப் பிடுங்குதல்."

பத்து நாள் கம்பெனியில் கையெழுத்துப் போட்டார்.