வீட்டில் பாட்டுப் பதிய என்ன லேப்டாப் வாங்கலாம்?

கல்லூரித் தம்பி தங்கைகள் இதைக் கேட்டால் நான் சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் கைகாட்டுகிறேன். 2018இல் வந்த திங்க்பேட் டி480 செகண்ட் ஹேண்டில் கிடைத்தாலே போதும். ரேமை 16 ஜிபி ஆக்கிக்கொள்ளலாம், எஸ்எஸ்டியும் மாற்றலாம். இன்றைய மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைத்தே வருகிறது, பிறகு கூட்ட முடியாது.

கேமிங் லேப்டாப் வேண்டவே வேண்டாம். கிராபிக்ஸ் கார்டுக்குக் கொட்டும் பணம் பாட்டுக்கு உதவாது. ஃபேன் இரைச்சல் வேறு மைக்கில் ஏறிவிடும்.

கடையிலேயே ஹெட்போன் மாட்டி, ரெக்கார்டிங் மென்பொருளில் பஃபரை 128 சாம்பிளுக்கு இறக்கி, நாலைந்து டிராக்கை ஓடவிட்டுக் கேளுங்கள். நடுநடுவே ‘பட் பட்’டென்று வெடித்தால் அந்த லேப்டாப் வேண்டாம். மென்பொருளுக்குக் கவலையில்லை, ரீப்பரை 60 நாள் இலவசமாகவே பழகிப் பார்க்கலாம்.

தயவுசெய்து மொத்தப் பணத்தையும் லேப்டாப்பிலேயே போட்டுவிடாதீர்கள். நல்ல மைக்குக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் முதலிலேயே எடுத்து வையுங்கள்.