கூரை மட்டும் எஞ்சிய மாளிகை

இலண்டன் மாநகரிலே கென்சிங்டன் பெருந்தெரு வழியே மேற்கு நோக்கி நடந்து, ஹொலண்ட் பூங்காவை அண்மித்ததும், விந்தையான கூரையொன்று நம் கண்ணிற் பட்டது. அதன் இரு மூலைகள் வானை நோக்கி எழ, மற்றை இரண்டும் நிலத்தை நோக்கித் தாழ்கின்றன.

ஒரு காலத்தில் பொதுநலவாய நிலையமாய் விளங்கிய கட்டடம் இது. 1962 நவம்பர் 6ஆந் திகதி எலிசபெத் அரசியார் இதனைத் திறந்துவைத்தார். கூரைக்கு வேண்டிய 25 தொன் செம்பை, இன்று சாம்பியா எனப்படும் வட றொடீசியா நன்கொடையாய் வழங்கிற்று. உள்ளே பல நாடுகளும் தத்தம் விளைபொருள்களையும் கலைகளையும் காட்சிக்கு வைத்திருந்தன. இலங்கைக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது. பாடசாலைப் பிள்ளைகள் ஒரே பகற்பொழுதில் பாதி உலகைச் சுற்றி வந்துவிடுவர்!

காலம் மாறிற்று. கட்டடம் பழுதுற்றது, பராமரிக்கப் பணம் போதவில்லை. 2002இல் கதவுகள் மூடப்பட்டன. 1988இலேயே பாதுகாப்புப் பட்டியலிற் சேர்ந்த கட்டடமாதலால் அதனை இடித்தலும் எளிதன்று. 2006இல் அமைச்சர்கள் அப்பட்டியலிலிருந்தே அதனை நீக்க எண்ணினர். எதிர்ப்பு எழவே, அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. இறுதியில் வளவுக்குள்ளேயே மூன்று அடுக்குமாடி வீட்டுத் தொகுதிகளை எழுப்பி, அவ்வழியாற் பழைய கட்டடத்தைக் காக்க வழி கண்டனர்.

யாழ்ப்பாணத்திலே சுவரை விட்டுக் கூரையை மாற்றி வேய்வோம். இங்கோ கூரையை விட்டுச் சுவரை மாற்றினர்! கூரையை உருக்குத் தாங்கிகளின்மேல் நிறுத்திவைத்து, கீழிருந்த கொங்கிறீற்றுத் தளங்களை அகற்றினர். வெளிச்சுவர்களுக்குப் பதிலாகக் கண்ணாடி பொருத்தினர். தேம்ஸ் நதிக்கரையில் முன்னாள் வாழைப்பழக் களஞ்சியமொன்றில் இயங்கிவந்த வடிவமைப்பு நூதனசாலை, 2016 நவம்பர் 24இல் இங்கே குடிபுகுந்தது.

இத்தனையும் மாற்றியபின் இதனைக் காத்தல் என்று சொல்லலாமா? நமக்கும் ஐயமே. ஆனால் இந்நிலையத்துக்கு முன்னோடியான, 1893இல் திறக்கப்பட்ட பேரரசு நிலையத்தைத் தென் கென்சிங்டனிற் பார்த்தோம். எஞ்சியிருப்பது ஒற்றைக் கோபுரமே. அதனோடு ஒப்பிட்டால், இங்கே உயிர் இருக்கிறது. ஓக் மரப் படிகளிலே மாணவர் அமர்ந்து படம் வரைந்துகொண்டிருந்தனர்.

இலங்கையின் காட்சி எவ்விடத்தில் இருந்ததென்று காவலாளர் ஒருவரை வினவினோம். அவர் அறியார். அது நின்ற தளமே இன்று இல்லையே! "கூரை மட்டும் பழையது, ஐயா" என்று மேலே சுட்டிக்காட்டினார். நாமும் கழுத்து நோகுமட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.