எத்தனை வீடு கேட்டீர்?

பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்று 1995 செப்டம்பரில் நாடே திரண்டு வரிசையில் நின்றது. அப்போது நான் பிறக்கவில்லை. எனினும் ஆண்டுதோறும் என் வகுப்பிலே அந்தக் கதையைச் சொல்லத் தவறுவதில்லை. பாலிலே வண்ணத்தைக் கலந்து ஊட்டிப் பார்த்தனர் அறிவியலாளர். குடித்தது சிலையன்று, பரப்பு இழுவிசையால் கரண்டியை விட்டு இழுபட்ட பால், சிலையின் மேனி வழியே மெல்லிய இழையாய் இறங்கித் தரையைத்தான் நனைத்தது! "எவர் சொன்னாலும் வண்ணம் கலந்து பாருங்கள், பிள்ளைகளே" என்று முடிப்பேன். பிள்ளைகள் கைதட்டுவர். நானும் பகுத்தறிவின் பாதுகாவலன் போல் நிமிர்ந்து நிற்பேன்.

தோழர்களே, அப்படி நிமிர்ந்து நின்ற நானே ஒரு பொம்மை செய்து வைத்திருந்தேன். கல்லாலன்று, மண்ணாலன்று, எண்களால். அதற்கு வண்ணம் கலந்து ஊட்டியவர், எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு சுமைத் தொழிலாளி. அந்தக் கதையை ஒளிக்காமல் உரைக்கவே இந்தக் கட்டுரை.

பூந்தமல்லி நெடுஞ்சாலையிலே, மதுரவாயலைத் தாண்டி மேற்கே வந்தால் வேலப்பன்சாவடி. சாலையோரம் மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி என்று வானளாவிய கட்டடங்கள். அவற்றின் நிழல் விழும் தொலைவிலேயே சந்துகள். சந்துகளிலே ஓட்டு வீடுகள். அவ்வீடுகளிலே, நாள்தோறும் அக்கல்லூரி வாயில்களைக் கடந்து வேலைக்குப் போய், ஒருநாளும் உள்ளே நுழையாத மக்கள். நான் இப்பகுதியில் ஒரு பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியன். பொருளியலில் இளங்கலை, அதன்பின் ஆசிரியப் பயிற்சி. மாலையிலே நண்பர்களோடு ஒரு படிப்பகம் நடத்துகிறேன்.

இளங்கலை இறுதியாண்டிலே ஓர் ஆய்வேடு எழுத வேண்டியிருந்தது. 'பெண் பிள்ளைகள் மேற்படிப்பைக் கைவிடுவதேன்?' என்பது நான் எடுத்த தலைப்பு. சாவடியையொட்டிய மூன்று தெருக்களில் 60 வீடுகளைக் கேட்பதாகத் திட்டம். கேட்டதோ 22. வெயில் கொளுத்தியது, தேர்வு நெருங்கியது, மீதி 38 வீடுகளின் விடைகளையும் ஒரு தேநீர்க் கடையிலே உட்கார்ந்து நானே எழுதினேன்! 60 வீடுகளில் 43 வீடுகளுக்கு 'பெற்றோரின் அறியாமை' என்று காரணம் போட்டேன். 100க்கு 72. எத்தனை எடுப்பான எண்! அறியாமை இருளை அகற்றப் புறப்பட்ட இளைஞனுக்கு, மக்கள் அறியாமையிலே உழல்கிறார்கள் என்பதைவிட இனிப்பான முடிவு வேறென்ன வேண்டும்?

அத்தோடு விட்டேனா? 'பன்னாட்டு ஆய்விதழ்' என்று பெயர் பொறித்த ஓர் ஏட்டுக்கு அனுப்பினேன். கட்டுரை வெளியாகியிருந்தால் வேலை தேடும்போது மதிப்புக் கூடும் என்றார்கள். இரண்டே நாளில் ஏற்பு மடல் வந்தது. பணம் கட்டினேன், அச்சேறியது, சான்றிதழும் வந்தது. ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 'எத்தனை வீடு கேட்டீர்?' என்றுகூடக் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு, முன்னர் என்னிடம் பயின்று அப்போது பன்னிரண்டாம் வகுப்பிலிருந்த மாணவி ஒருத்தி, பேச்சுப் போட்டிக்குக் குறிப்புத் தேடியிருக்கிறாள். கைப்பேசியிலே என் கட்டுரை கிடைத்துவிட்டது. ஆசிரியர் எழுதியதாயிற்றே! மேடையிலே முழங்கினாள், பரிசும் பெற்றாள். அன்றிரவு வீட்டிலே, கல்லூரி வேண்டாம், துணிக்கடை வேலைக்குப் போ என்று சொன்ன தகப்பனாரிடமும் அதே எண்ணை வீசியிருக்கிறாள்: "உன்னை மாதிரி 100க்கு 72 பேர் அறியாமையில இருக்காங்கப்பா. எங்க சார் எழுதியிருக்காரு."

மறுநாள் மாலை அவர் படிப்பகத்துக்கு வந்தார். சரக்குந்திலே மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளி. தோளிலே துண்டு, முகத்திலே சினமில்லை. அதுதான் என்னை அச்சுறுத்தியது.

"சார், எங்க தெரு பேரு அதுல இருக்குதாமே. நீங்க எந்த வீட்டுல கேட்டீங்க?"

நான் விழித்தேன்.

"பதினெட்டு வருசமா அந்தத் தெருவுல இருக்கேன். எங்க வீட்டுக்கு வரல. எதிர்வீட்டுக்கும் வரல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, சார். கேக்காமயே அறியாமைன்னு எழுதிட்டீங்களே."

தோழர்களே! நூறு மேடைகளிலே நாம் கேட்கும் கேள்வியன்றோ அது? 'கண்டவர் யார்? சான்று எங்கே?' என்று புராணத்தைப் பார்த்துக் கேட்கிறோம். அவர் என் ஆய்வைப் பார்த்துக் கேட்டார். புராணிகன் வாயடைத்து நிற்பதுபோல் நான் நின்றேன். பிறகு உண்மையைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. "பொண்ணுகிட்டயும் இதைச் சொல்லிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

அன்றிரவு உறக்கமில்லை. என் பொய் எப்படி அச்சாயிற்று? எழும்பூருக்குப் பேருந்து ஏறிக் கன்னிமாரா நூலகத்திலே உட்கார்ந்து, கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலே உட்கார்ந்து, நான் கல்லூரியில் படித்தும் படிக்காமல் விட்டவற்றைப் புரட்டினேன்.

ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எல்லாக் காருக்கும் நடுத்தர விலையே தருவான். நல்ல கார் வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகுவான். சந்தையிலே ஓட்டைக் கார்களே மிஞ்சும். ஆய்வேட்டுச் சந்தையும் அதுவேயன்றோ? என் 60இல் 38 போலி என்பது எனக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. இடையிலே நின்று சோதிக்க வேண்டிய இதழ், சோதனையை விட்டுவிட்டுச் சீட்டு மட்டும் கிழித்தால், உண்மையாய் 60 வீடு ஏறி இறங்கியவனுக்கும் எனக்கும் ஒரே சான்றிதழ்! பின் எவன் வெயிலிலே அலைவான்? வேடிக்கை என்னவெனில், அகெர்லாஃபின் அந்தக் கட்டுரையை மூன்று இதழ்கள் திருப்பியனுப்பின, நான்காவதே ஏற்றது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு. எனக்கோ இரண்டே நாளில் ஏற்பு!

இன்னொருவர் யூஜீன் கார்ஃபீல்டு. எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை சுட்டுகிறது என்று அட்டவணை போடலாமென 1955இல் முன்மொழிந்து, 1960களில் அதை வெளியிட்டும் காட்டினார். கருத்தின் கால்வழியைக் கண்டறியப் பிறந்த கருவி அது. காலப்போக்கிலே ஆளை அளக்கும் கோலாகிவிட்டது. இத்தனை கட்டுரை எழுதினால் பதவி, இத்தனை சுட்டல் பெற்றால் உயர்வு! அளவுகோலையே இலக்காக்கினால் அது அளக்கும் தகுதியை இழக்கும் என்ற கருத்துக்கு, 1975இல் பணக்கொள்கை பற்றி எழுதிய ஆங்கிலேயப் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரே நிலைத்துவிட்டது. பள்ளி ஆசிரியனுக்கு இதைச் சொல்லியா தெரிய வேண்டும்? மதிப்பெண்ணை இலக்காக்கியபின் மாணவன் என்ன படிக்கிறான் என்பதை நாள்தோறும் காண்கிறோமே!

பல்கலைக்கழக மானியக் குழு விழிக்காமலில்லை. தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை 2018 மே மாதத்தில் நீக்கிற்று. முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை அச்சாகியே தீரவேண்டும் என்ற விதியை 2022இல் எடுத்தது. 2019இல் கொணர்ந்த புதிய பட்டியலையும் 2025இல் கைவிட்டு, நல்லது கெட்டதை அந்தந்தக் கல்வி நிறுவனமே ஆய்ந்துகொள்க என்றது. பட்டியல் வரும், பட்டியல் போகும். தேநீர்க் கடையிலே உட்கார்ந்து எண் எழுதும் கையைப் பட்டியலா தடுக்கும்?

நாணத்தோடு படித்துக்கொண்டிருந்த எனக்கு நம் மண்ணிலேயே ஒரு வரலாறு கிடைத்தது. இங்கிலாந்திலிருந்து வந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் சிலேட்டர், 1916இல் மாணவர் கையிலே வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்கு ஊர் போகிறீரே, ஊரைக் கேட்டு எழுதி வாரும் என்று அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எத்தனை என்று அவர்கள் எழுதி வந்தது 1918இல் நூலாயிற்று. அந்த ஊர்களுக்கே 1930களில் பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் மறுபடி போயினர். அவ்வூர்களிலொன்றான, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டுக்கு, 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும், 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோரும் போயினர். ஒரே ஊர், நூறாண்டுக்குச் சற்றே குறைந்த காலம், நிலமும் உழைப்பும் சாதியும் எப்படி மாறின என்று திரும்பத் திரும்பக் கேள்வி. முதலில் போன மாணவன் தேநீர்க் கடையிலே உட்கார்ந்து எழுதியிருந்தால், பின்னே வந்தவர் எதை எதோடு ஒப்பிட்டிருப்பர்? ஒரு பொய் எண் அன்றைக்கு மட்டும் பொய்யன்று. வருங்காலத்தின் வாயிலும் மண் போடுகிறது.

இன்னொரு நினைவும் என்னைக் குத்தியது. சீர்காழியிலே பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன், கணக்காசிரியராயிருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931இல் நூலக இயலின் ஐந்து விதிகளை வகுத்தார். நூல் பூட்டி வைக்கவன்று, பயன்படுத்தவே; ஒவ்வொரு நூலுக்கும் ஒரு படிப்பாளி உண்டு என்பன அவற்றின் சாரம். சென்னை மாகாணத்தில் 1948இல் பொது நூலகச் சட்டம் பிறக்கவும் அவர் உழைப்பே அடிப்படை. வீட்டு வரியோடு நாம் கட்டும் நூலக வரி அச்சட்டம் தந்ததே. இன்று நல்ல ஆய்விதழ்கள் பல கட்டணப் பூட்டுக்குள் கிடக்கின்றன. 2025 முதல் நடப்பிலுள்ள ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு அப்பூட்டைத் திறந்துவிட்டது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். என் போன்ற பள்ளி ஆசிரியனும், அந்தச் சுமைத் தொழிலாளியின் மகளும் அந்தக் கணக்கிலே இல்லை. மெய்யான ஆய்வு பூட்டுக்குள். என் போலி ஆய்வோ எவரும் இலவசமாய் எடுத்துக்கொள்ளத் திறந்த வெளியில்! அவள் கைக்கு அது அகப்பட்டதிலே வியப்பென்ன?

படிப்பகத்திலே, பிள்ளைகள் முன்னே, அவளையும் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். சிலர் தலை குனிந்தனர். அவள் நிமிர்ந்து கேட்டாள்: "அப்ப உண்மையான எண் என்ன சார்?"

அந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு. மறு ஞாயிறு முதல் புறப்பட்டோம். அதே மூன்று தெரு, அதே 60 வீடு. பிள்ளைகள் இருவர் இருவராய்ச் சென்றனர். முதல் வீடு அவள் வீடு. முதல் விடை அவள் தகப்பனார் தந்தது. "படிப்பு வேணாம்னு நான் எப்ப சொன்னேன்? கல்லூரி விட்டு அது வர்ற நேரத்துல நானும் வீட்டுல இல்ல, அவங்க அம்மாவும் இல்ல. சின்னதுங்களை யாரு பாக்குறது? இருட்டுன அப்புறம் நிறுத்தத்துலயிருந்து சந்து வரைக்கும் வெளக்கு இல்ல." நகரப் பேருந்திலே பெண்களுக்குக் கட்டணமில்லை, 2021 முதல். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரையுள்ள இருளுக்கு என்ன சலுகை? வீடு வீடாய் இப்படியே: தம்பி தங்கையர், இருட்டு, நோயாளிப் பாட்டி, பாதியில் நின்ற சீட்டுப் பணம். அறியாமை என்ற காரணத்தை எழுத எங்களுக்கு வாய்ப்பே கிட்டவில்லை.

அறியாமை இல்லையென்று நான் சொல்லவில்லை, தோழர்களே! இருந்தது. எங்கே இருந்தது என்பதிலேதான் பிழை செய்தேன்.

தமிழ்நாட்டிலே 18 முதல் 23 அகவையில் 100க்கு 47 என்ற கணக்கில் உயர்கல்விச் சேர்க்கை. இந்தியா முழுமைக்கும் 28 சொச்சம். இது 2021–22ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பு. பெருமைதான், போராடிப் பெற்ற பெருமை. அந்த 47ஐ நாளை 60 ஆக்க வேண்டுமானால், மீதிப் பேர் ஏன் வரவில்லை என்பதை அவர்களையே கேட்க வேண்டும். மக்களைக் கேட்காமல் மக்களுக்காகப் பேசுபவன், தேவனைக் காணாமல் தேவவாக்கு உரைப்பவனுக்கு எவ்வகையில் உயர்ந்தவன்?

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அந்த இதழுக்கு எழுதினேன். திரும்பப் பெறவும் கட்டணம் உண்டு என்று விடை வந்தது! பொய் சொல்லவும் விலை. பொய் சொன்னேன் என்று சொல்லவும் விலை. நான் கட்டப்போவதில்லை. இந்த ஏட்டிலே, உங்கள் முன்னே, விலையின்றிச் சொல்லிவிட்டேன்: அந்த 72 பொய்.

அவள் கல்லூரி விண்ணப்பத்திலே தகப்பனார் கையொப்பமிட்டார். எந்த எண்ணும் அவரை வெல்லவில்லை. சந்துக்கு விளக்குக் கேட்டு நகராட்சிக்கு எழுதிய மனுவிலே, எங்கள் கணக்கை இணைத்து, முதல் ஆளாய் அவரே ஒப்பமிட்டார். விளக்கு இன்னும் வரவில்லை. அதுவரை, அந்தி சாய்ந்தபின் படிப்பகத்துப் பிள்ளைகள் இருவர் நிறுத்தத்திலே கைவிளக்கோடு நிற்கின்றனர்.

எங்கள் புதிய அட்டவணை படிப்பகச் சுவரிலே தொங்குகிறது. 60 வீடு என்று தலைப்பு. 51 வீட்டுக்கு விடை. மீதி 9 வீட்டுக்கு நேரே, மூன்று முறை போயும் பயனில்லாததால், அவள் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள்: 'பூட்டியிருந்தது.'